பதினாலாம் கோட்டில் பேசப்பட்டது

வாக்குமூலம் அளிப்பவர்: ஜீவரத்தினம் மிதுலன்
வயது: 26
தொழில்: விமான மின்னணுக் கருவிகள் திருத்தும் தொழில்நுட்பவியலாளர்
முகவரி: கோலியர்ஸ் வுட், லண்டன் (வீட்டு இலக்கம் தனித்தாளில் உள்ளது)
பதியப்பட்ட நாள்: 2025 பெப்ரவரி 19, புதன்கிழமை, முற்பகல் 10.15
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர் சுவர்ணா தர்மலிங்கம், பொலிஸ் அதிகாரி முன்னிலையில்

மேலே பெயர் சொல்லப்பட்ட நான், யாரும் அழைக்காமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன். பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும், பேசினால் அது எனக்கு எதிராகவும் பாவிக்கப்படலாம் என்றும் விளங்கப்படுத்தினார்கள். சட்டத்தரணி வேண்டாம் என்றேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் உள்ள ஒலிப்பதிவு தமிழில் இருப்பதாலும், அதை ஆங்கிலமாக்கும் வேலையை இனி என்னிடம் தரக்கூடாது என்பதாலும், தமிழிலேயே சொல்கிறேன் என்று கேட்டு, அதற்குச் சம்மதம் கிடைத்தது.

நான் இலங்கையில் விமானத் தொழில்நுட்பம் படித்து, 2021 இல் இங்கே வந்து, ஹீத்ரோப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2024 மார்ச்சில் வடமேற்கு லண்டன் வான்தேடல் தொண்டர் அணியில் சேர்ந்தேன். அது சம்பளம் இல்லாத அணி. காணாமல் போனவர்களை ட்ரோன் பறக்கவிட்டுத் தேடிப் பொலிஸுக்கு உதவுவதுதான் அவர்களின் வேலை. விண்ணப்பத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. சமூகத்துக்கு உதவி செய்ய என்று எழுதினேன். அது பொய். எங்கள் நிறுவனத்தில் புதிதாக ஒரு ட்ரோன் பிரிவு தொடங்க இருந்தார்கள். உண்மையான தேடலில் முதன்மை ஓட்டுநராக இருந்தவருக்கே அங்கே முதலிடம் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தகுதிக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

அதன் பின்பு சனிக்கிழமைகளில் பயிற்சி நடந்தது. எல்லாம் படிக்க எனக்கு மூன்று சனிக்கிழமை போதுமாக இருந்தது. மற்றவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். காற்றின் வேகத்தை அவர்கள் விரல் விட்டுக் கணக்குப் பார்க்கும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயிற்சி தந்தவர் அணித் தலைவி ஹேசல். இரண்டு தரம் என்னைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றார். ஓம் என்றேன். மாறவில்லை.

அந்த அணியில் என்னைத் தவிர ஒரு தமிழர்தான் இருந்தார். அவர் யோகேஸ்வரன், வயது 47. ஜேர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வெம்பிளியில் பழைய பிரிட்ஜ், வோஷிங் மெஷின் திருத்தி விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய ஆங்கிலம் வேலைக்குப் போதும், வேகமாக வராது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மனைவி பொரித்துக் கொடுக்கும் மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுவருவார். ஹேசல் பெட்டியைத் திறந்த பிறகுதான் பயிற்சியைத் தொடங்குவார்.

எங்கள் இரண்டு பேரையும் ஹேசல் ஒரு சோடியாகப் போட்டார். நான் ஓட்டுநர், அவர் பார்வையாளர். ஓட்டுநர் ட்ரோனைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர் வேறு திரையில் வெப்பக் கமராவின் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். உடம்புச் சூடு உள்ளது எதுவும் அதில் வெள்ளையாகத் தெரியும். என்னை இவரோடு போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் மறைக்கவும் இல்லை. ஒரு நாள் அவர், "தம்பி, இந்தப் பொத்தானை அமத்தினா என்ன நடக்கும்?" என்று கேட்டார். "அண்ணை, அது பிரிட்ஜ் இல்லை, தட்டிப் பாக்கிறதுக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தட்டிப் பாத்துத்தான் தம்பி நான் வீடே வாங்கினனான்" என்றார்.

ஏன் இதில் சேர்ந்தீர்கள் என்று அவரிடம் ஒரு தரம் கேட்டேன். 1998 இல் ஜேர்மன் எல்லையைக் களவாகக் கடக்கும்போது காட்டில் தாங்கள் ஆறு பேர் வழி தவறி இரண்டு நாள் பனிக்குள் கிடந்ததாகவும், ஹெலிகொப்டர் ஒன்று வந்து கண்டுபிடித்ததாகவும் சொன்னார். "அது எங்களைப் பிடிக்க வந்தது தம்பி. வந்த இடத்திலை காப்பாத்திப்போட்டுது" என்றார். கதை விடுகிறார் என்று நினைத்தேன்.

அணியில் ஒரு விதி உண்டு. பார்வையாளர் "ஸ்டொப்" என்றால் ஓட்டுநர் கேள்வி கேட்காமல் அந்த இடத்திலேயே ட்ரோனை நிறுத்தி, இறக்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் கட்டுப்பாட்டுக் கருவி திரையையும் பக்கத்தில் பேசுவதையும் சேர்த்துப் பதியும், பிறகு மற்றவர்கள் கேட்பார்கள். இந்த விதி எனக்குத் தெரியும். பரீட்சையில் இதற்கு முழுப் புள்ளி எடுத்தேன்.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பொலிஸ் கேட்டு எங்கள் அணி கிங்ஸ்பரிக்குப் போனது. பட்ரிக் டூலன் என்பவர், வயது 76, முன்னாள் பஸ் சாரதி, ஞாபக மறதி உள்ளவர், காலை பதினொரு மணிக்கு வீட்டில் போடும் செருப்போடும் ஒரு கம்பளிச் சட்டையோடும் வெளியே போய்த் திரும்பவில்லை. அவருடைய மகள் படம் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். எனக்குக் காட்டியபோது நான் பற்றரி போட்டுக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓகே என்றேன்.

எங்களுக்குக் கிடைத்த பகுதி வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கத்தின் ஒரு கரை. நாணலும் பற்றையும் உள்ள இடம். வரைபடத்தில் பதினெட்டுக் கோடு போட்டு ஒவ்வொரு கோடாகப் பறந்து முடிக்க வேண்டும். நாலு மணிக்கு முன்பு இருட்டிவிடும், இருட்டினால் இறக்க வேண்டும் என்பது அணியின் ஒழுங்கு. அன்றுதான் எனக்கு முதன்மை ஓட்டுநர் மதிப்பீடு. ஹேசல் பத்து மீற்றர் தள்ளி, கையில் மதிப்பீட்டுத் தாளோடு நின்றார்.

மூன்றாம் கோட்டில் யோகேஸ்வரன் "ஸ்டொப்" என்றார். இறக்கிப் பார்த்தால் அன்னம். எட்டாம் கோட்டில் திரும்பவும் "ஸ்டொப்" என்றார். உக்கின இலைக் குவியல். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு நிமிடம் போனது, பற்றரியும் போனது. இரண்டு தரமும் ஹேசல் தாளில் ஏதோ எழுதியதைக் கண்டேன். அதன் பின்பு நான் யோகேஸ்வரனிடம், "அண்ணை, உங்களுக்குச் சூடாயிருக்கிறது எல்லாம் மனிசரோ? அடுத்ததா ரோல்ஸ் பெட்டியைக் காட்டுங்கோ" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இனி ஸ்டொப் எண்டு சொல்லாதேங்கோ, ஹேசல் எழுதுறா. நூறு வீதம் தெரிஞ்சால் மட்டும் சொல்லுங்கோ. சந்தேகம் எண்டால் தமிழிலை மெல்லமாச் சொல்லுங்கோ, நான் பாக்கிறன்" என்றேன். "சரி தம்பி, நீர்தானே ஓட்டுறது" என்றார்.

பதினாலாம் கோட்டில், பிற்பகல் 3.22 க்கு, நான் கேட்டபடியே அவர் தமிழில் மெல்லமாகச் சொன்னார். அங்கே பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் பின்னால் தருகிறேன். நடந்தது இதுதான்: அவர் நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை. திரும்பிப் போவோம் என்றார், நான் போகவில்லை. மிச்சம் நாலு கோட்டையும் முடித்து 3.41 க்கு ட்ரோனை இறக்கினேன்.

அதன் பின்பு அறிக்கைத் தாளில், பகுதி முழுவதும் தேடப்பட்டது, ஒன்றும் காணப்படவில்லை என்று எழுதி, இரண்டாம் கையெழுத்துக்கு யோகேஸ்வரனிடம் கொடுத்தேன். அவர் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தார். "தம்பி, பதினாலைப் பற்றி ஒரு வரி எழுதுவமே?" என்றார். "எழுதினால் திருப்பிப் போகச் சொல்லுவினம். குளிருது, வாங்கோ" என்று சொல்லி, கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையெழுத்து வைத்தார். ஹேசல் என் மதிப்பீட்டில் நான் சித்தியடைந்ததாக எழுதித் தந்தார்.

மறுநாள் காலை 9.40 க்கு அணியின் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மோப்ப நாய்க் குழு திரு. டூலனைக் கண்டெடுத்ததாகவும், அவர் உயிரோடு இல்லை என்றும், வரைபடத்தில் இடம் குறித்தும் போட்டிருந்தார்கள். நான் கணினியைத் திறந்து, எங்கள் பறப்புப் பாதையை அந்தப் புள்ளிக்கு மேல் வைத்துப் பார்த்தேன். பதினாலாம் கோட்டுக்கு வலப்பக்கம் ஆறு மீற்றர். ஒருவருக்கும் சொல்லவில்லை. கணினியை மூடினேன். மத்தியானம் கோழிக்கறியோடு சோறு சாப்பிட்டேன். இரண்டாம் தரம் போட்டும் சாப்பிட்டேன். இதை அதிகாரி கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். திரு. டூலன் முதல்நாள் இரவு எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் இறந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும்.

2025 ஜனவரி 4 ஆம் திகதி அணியின் மீளாய்வுக் கூட்டம் வெம்பிளியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நானும் யோகேஸ்வரனும். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பதினாலாம் கோட்டில் மரத்துக்குக் கீழே ஒரு வெள்ளை உருவம் நாலு செக்கன் தெரிகிறது. அதே நேரம் எங்கள் இரண்டு பேரின் பேச்சும் கேட்கிறது. கூட்டத் தலைவர் பதிவை நிறுத்தி, என்ன பேசுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். என்னுடைய ஆங்கிலம் நல்லது என்பதால் என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: பார்வையாளர் அது நரி என்கிறார். நிச்சயமா என்று நான் கேட்கிறேன். நிச்சயம், போகலாம் என்கிறார்.

தலைவர் அதை எழுதினார். யோகேஸ்வரனுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். இது சரிதானா என்று தலைவர் அவரைக் கேட்டபோது "யெஸ்" என்றார்.

கூட்டம் முடிந்து பஸ் நிலையம் வரை ஒன்றாக நடந்தோம். நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"அண்ணை, ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"வேறை என்ன செய்ய? வெள்ளைக்காரனுக்கு முன்னாலை ரெண்டு தமிழர் ஆளையாள் பொய்யன் எண்டு சண்டைபிடிச்சுக் காட்டுறதோ? உள்ள மானமும் போகட்டும் எண்டோ?"

"நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டன் அண்ணை."

"நீர் நல்லா யோசிச்சுத்தான் சொன்னனீர். உள்ளுக்கை வைச்சு உம்மை ஒண்டும் சொல்லேல்லை. வெளியிலை வந்திட்டம், இப்ப சொல்லுறன். நீர் ஒரு பச்சைப் பொய்யன். ஆளே செத்துப்போச்சு, நீர் இன்னும் மாக்ஸ் எண்ணிக்கொண்டு நிக்கிறீர்."

அவர் தொடர்ந்து, "நானும் ஒழுங்கில்லை. நீர் சொன்னீர் எண்டு வாயைப் பொத்தினன். ஸ்டொப் எண்டு கத்தியிருக்கோணும். அதுக்கு நான் பொறுப்பு. நரிக்கு நான் பொறுப்பில்லை. நீரே போய்ச் சொல்லும். நான் சொல்லமாட்டன்" என்றார். பஸ் வந்தது. எனக்கும் அதே பஸ்தான். அவர் ஏறினார், நான் ஏறவில்லை.

அதன் பின்பு நான் போய்ச் சொல்லவில்லை. முதல் கிழமை, அடுத்த கிழமை சொல்வோம் என்று இருந்தேன். மூன்றாம் கிழமை அணியிலிருந்து கடிதம் வந்தது. பார்வையாளரின் தவறான கணிப்பே காரணம் என்று முடிவு செய்து, யோகேஸ்வரனை அணியிலிருந்து நீக்கியிருந்தார்கள். என்னைப் பற்றி, சூழ்நிலைக்கு ஏற்ப நடந்துகொண்டார் என்று எழுதியிருந்தது. அந்த அறிக்கை மரண விசாரணை அதிகாரிக்கும் டூலன் குடும்பத்துக்கும் அனுப்பப்பட்டது. பெப்ரவரி 3 ஆம் திகதி என் நிறுவனத்தின் ட்ரோன் பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. அன்று வேலை இடத்தில் கேக் வெட்டினார்கள். தொண்டர் சேவை செய்கிறவர் என்று எனக்குக் கைதட்டினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது. யோகேஸ்வரனின் மனைவி சிவரூபினி. அவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை, அவருடைய ரோல்ஸைத்தான் தின்றிருக்கிறேன்.

"தம்பி, நான் யோகேஸ்வரன்ரை மனுசி கதைக்கிறன். குறை நினையாதேங்கோ, இவரின்ரை போனிலை நம்பர் எடுத்தனான். வியாழக்கிழமை அந்தச் செத்த மனிசன்ரை மகள் கடைக்கு வந்தவ. நான் அங்கைதான் நிண்டனான். அந்தப் பிள்ளை சத்தம் போடேல்லை, அழேல்லை. ஒண்டே ஒண்டுதான் கேட்டது, என்ரை அப்பாவைப் பாத்து நரியெண்டு சொன்னது நீங்களோ எண்டு. இவர் ஓம் எண்டு சொல்லி, மன்னிப்பும் கேட்டவர். அவ போன பிறகு வோஷிங் மெஷினுக்குப் பின்னாலை போய்க் குந்தினவர், கடை பூட்டுற நேரம் வரைக்கும் எழும்பேல்லை. மூண்டு நாளாக் கடை திறக்கேல்லை. என்னோடையும் கதைக்கிறாரில்லை. நீங்கள் அண்டைக்குப் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே தம்பி. இவர் அப்பிடிச் சொல்லக்கூடிய ஆளில்லையே. சொன்னவரோ?"

அதிலிருந்துதான் அவர் தன் மனைவிக்குக்கூட என்னைப் பற்றிச் சொல்லவில்லை என்று விளங்கியது. "அக்கா, இங்கை லைன் கிளியர் இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன். லைன் கிளியராகத்தான் இருந்தது.

அதன் பின்பு திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனேன். செவ்வாய் பின்னேரம் அந்தப் பதிவை முதல் தரமாக முழுதும் கேட்டேன். இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கே வந்தேன்.

பதினாலாம் கோட்டில் பேசப்பட்டது பின்வருமாறு. கருவியிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த பிரதியை இன்று ஒப்படைத்துள்ளேன். அணியோடும் எங்கள் குடும்பங்களோடும் சம்பந்தமில்லாத ஒருவர் இதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

யோகேஸ்வரன்: தம்பி, ஒருக்கா நிப்பாட்டும். வலப்பக்கம், மரத்துக்குக் கீழை.
நான்: அது நரி அண்ணை.
யோகேஸ்வரன்: நரி இவ்வளவு நீளமாப் படுக்குமே?
நான்: நரிதான். பற்றரி முடியுது.
யோகேஸ்வரன்: அசையேல்லை தம்பி. திரும்பி ஒருக்காப் போவம்.
நான்: நரி எண்டுறன், விடுங்கோவன்.

அவ்வளவுதான். நரி என்று மூன்று தரம் என் குரலில் வருகிறது. அது நரிதானா என்று கேட்பதற்கு மட்டும்தான் யோகேஸ்வரன் அந்தச் சொல்லை எடுத்தார். பற்றரியில் அப்போது முப்பத்தொரு வீதம் இருந்தது. திரும்பிப் போய்ப் பார்க்க நாலு வீதம் போதும். அதுவும் திரையில் பதிந்திருக்கிறது.

திரு. டூலனின் மகளுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் நிறுவனத்துக்கும் அணிக்கும் இதன் பிரதி கொடுப்பதற்கு எனக்கு மறுப்பு இல்லை. சிவரூபினி அக்காவுக்கு நானே இன்று போன் எடுப்பேன். அதை அதிகாரி எழுதத் தேவையில்லை என்றார். எழுதச் சொன்னேன்.

எழுதி முடித்த பின்பு இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மீளாய்வுக் கூட்டம் பற்றிய இடத்தில், நான் பதற்றத்தில் தவறுதலாக மொழிபெயர்த்தேன் என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர், சாதாரணமாக அப்படித்தான் எழுதுவது, அது உங்களுக்கும் நல்லது என்றார். எனக்குப் பதற்றம் இருக்கவில்லை, தவறுதலும் இல்லை என்று சொல்லி, அந்த வரியை முழுதாக வெட்டச் சொன்னேன். வெட்டிய இடத்தின் ஓரத்தில் நானும் அவரும் சுருக்கொப்பம் வைத்தோம்.

மற்றபடி இதில் எழுதியிருப்பது எல்லாம் என் வாயால் சொன்னதே. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஜீ. மிதுலன்
2025.02.19, பிற்பகல் 1.50